கையெழுத்து வாங்கிய பிறகும் "நாங்கள் கேட்டது இது இல்லை" என்கிறார்கள், ஏன்?

கேள்வி: மூன்று ஆண்டு டெவலப்பராக இருந்துவிட்டு பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு வந்திருக்கிறேன். முதல் புராஜெக்டில் கிளையன்ட் சொன்னது அத்தனையும் எழுதினேன், காட்டினேன், கையெழுத்தும் வாங்கினேன். ஐந்து மாதம் கழித்து டெமோ பார்த்துவிட்டு "நாங்கள் கேட்டது இது இல்லை" என்றார்கள். ரிக்வயர்மென்ட், அதாவது மென்பொருளில் கிளையன்ட்டுக்கு வேண்டிய தேவைகள், அவற்றைச் சேகரிப்பதில் நான் எங்கே தவறினேன்? எல்லாருக்கும் இப்படித்தான் நடக்குமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நடக்கும். எனக்கு மூன்று முறை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது, மறந்துபோனவை தனி. எதைக் கட்டப்போகிறோம் என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் மென்பொருள் வேலையிலேயே ஆகக் கடினமான பகுதி என்று ஃபிரெட் புரூக்ஸ் 1986-லேயே எழுதிவிட்டார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயக்க முறைமையை உருவாக்கும் மாபெரும் வேலையை நடத்திப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு மொழிகள் மாறின, கருவிகள் மாறின, இந்த ஒரு பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி முதல் கேள்வி. "கிளையன்ட் சொன்னது அத்தனையும் எழுதினேன்" என்கிறீர்களே, அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. 'சேகரிப்பது' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. மரத்தடியில் பழம் விழுந்து கிடக்கிறது, கூடையோடு போனால் பொறுக்கி வந்துவிடலாம் என்பது போல. உண்மையில் தேவை அப்படி எங்கேயும் முழுசாகக் கிடப்பதில்லை. ஒரு பகுதி கிளையன்ட்டுக்கே தெரியாது. ஒரு பகுதி தெரியும், ஆனால் சொல்லத் தோன்றாது. இன்னொரு பகுதி, நீங்கள் சந்திக்கவே சந்திக்காத யாரோ ஒருவரிடம் இருக்கும். மிச்சம், இரண்டு பிரிவுகளுக்குள் இன்னும் தீராத தகராறாக இருக்கும். சொன்னதை மட்டும் எழுதினால் இவை நான்கும் வெளியே நிற்கும். அவை டெமோ நாளில் உள்ளே வரும்.

முதலில், அவர்கள் சொல்வது என்ன என்று பார்ப்போம். கிளையன்ட் வாய் திறந்து சொல்வதில் பெரும்பகுதி தேவை இல்லை. அவர் ஏற்கெனவே மனதில் போட்டுவைத்த தீர்வு. ஒரு கிடங்கு மென்பொருள் வேலையில் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர், எல்லா ரிப்போர்ட்டிலும் எக்ஸெல்லில் இறக்கிக்கொள்ளும் பட்டன் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மொத்தம் பதினான்கு ரிப்போர்ட். நாங்களும் எழுதிக்கொண்டோம், எஸ்டிமேட் போட்டோம். எங்கள் டீமில் அப்போதுதான் சேர்ந்த டெஸ்டர் ஒருத்தி, "இறக்கிக்கிட்டு என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று சும்மா கேட்டாள். அந்த அம்மா உட்கார்ந்து காட்டினார். மாதக் கடைசியில் இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொள்முதல் பிரிவு சொல்லும் எண்ணிக்கையும் கிடங்கு சொல்லும் எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று வரி வரியாகத் தேடுவாராம். இரண்டு நாள் போய்விடுமாம். ஒத்துப்போகாததற்குக் காரணம், ஒரு ரிப்போர்ட் சரக்கு வாசலுக்கு வந்த தேதியை எடுத்தது, இன்னொன்று சோதனை முடிந்த தேதியை எடுத்தது. இரண்டிலும் இரண்டு தேதியையும் காட்டினோம், அவ்வளவுதான். பட்டனை ஒரே ஒரு ரிப்போர்ட்டில் வைத்தோம், அதுவும் ஆடிட்டருக்காக. பதினான்கு பட்டன் செய்து கொடுத்திருந்தால் அவர் நன்றி சொல்லியிருப்பார், அந்த இரண்டு நாள் வேலை அப்படியே இருந்திருக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் 'ஐந்து முறை ஏன் என்று கேள்' என்பது. டொயோட்டா தொழிற்சாலைகளில் பழுதுக்குக் காரணம் தேட வந்த முறை அது. இயந்திரத்தைப் பற்றிக் கேட்கும்போது நன்றாக வேலை செய்யும். மனிதரிடம் மூன்றாவது ஏன் கேட்கும்போதே விசாரணைக்குக் கூப்பிட்டது போல ஆகிவிடும், அவர் தன் வேலையை நியாயப்படுத்த ஆரம்பித்துவிடுவார். அதைவிட அந்த டெஸ்டர் கேட்ட கேள்வி மேல். இது கையில் வந்ததும் அடுத்து என்ன செய்வீர்கள்? கடைசியாக இந்த வேலையைச் செய்தது எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது? பொதுவாக எப்படி நடக்கும் என்று கேட்டால் கையேட்டில் உள்ளதைச் சொல்வார்கள். போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று கேட்டால் உண்மையில் நடந்ததைச் சொல்வார்கள்.

அடுத்தது சொல்லப்படாதவை. இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்பது என் கருத்து. ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984-இல் வாடிக்கையாளர் தேவைகளை வகை பிரித்தபோது, இருந்தே ஆகவேண்டிய அடிப்படைத் தேவைகள் என்று ஒரு வகையைத் தனியாக வைத்தார். இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் பொருளையே தூக்கி எறிவார்கள். இந்த வகையை எந்த மீட்டிங்கிலும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியாது. வீடு கட்டும் மேஸ்திரியிடம் கதவு திறக்க வேண்டும் என்று யார் சொல்வார்கள்? கானோ இதற்கு ஒரு வழியும் வைத்தார்: ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்வி. இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? முதல் கேள்விக்குத் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டாவதற்கு முகம் சுளித்தால், சிக்கியது என்று அர்த்தம். ஆனால் இதிலும் ஒரு குறை. நமக்கே தோன்றாத அம்சத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

அதற்கு நேரில் போய் உட்கார்வதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. மேலே சொன்ன அதே கிடங்கில், சரக்கு உள்ளே வருவது, வெளியே போவது, எண்ணிக்கை சரிபார்ப்பது என்று மூன்று வார மீட்டிங்கில் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம். அப்புறம் ஒரு நாள் காலை முழுக்க வாசலில் பதிவு செய்பவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், கேள்வி எதுவும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு ஒரு வண்டி வந்தது. அவர் கணினியில் எதையும் தட்டாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டார். என்ன அது என்றேன். "இதெல்லாம் சேதமாகித் திரும்பி வந்தது சார், சிஸ்டத்துல இதுக்கு இடம் இல்ல, மாசக் கடைசில மொத்தமா சரி பண்ணிக்குவோம்." திரும்பி வரும் சரக்கைப் பற்றி மூன்று வாரத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் மறைக்கவில்லை. பழைய சிஸ்டத்தில் இல்லாததால் அது சிஸ்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே அவர்கள் நினைக்கவில்லை. அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் நோட்டுப் புத்தகம், மேசையில் ஒட்டிய சீட்டு, திரையோரத்தில் செருகிய துண்டுக் காகிதம், 'என்னோட எக்ஸெல்' என்று தனியாக வைத்திருக்கும் ஃபைல் இவற்றைத்தான் முதலில் தேடுகிறேன். பழைய மென்பொருள் செய்யாத வேலை எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

சொல்லப்படாதவற்றில் இன்னொரு வகை இருக்கிறது. அது கிளையன்ட்டின் தலையிலும் இல்லை, நம் தலையிலும் இல்லை. உலகம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று இரண்டு பேருமே சேர்ந்து நம்பிக்கொண்டிருப்பது. 1993 செப்டம்பரில் வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 ஒன்று ஈரமான ஓடுபாதையில் இறங்கியது. வேகத்தைக் குறைக்க என்ஜின் கொடுக்கும் எதிர்விசை விமானம் பறக்கும்போது இயங்கிவிடக் கூடாது, தரையில் இறங்கிய பிறகே இயங்க வேண்டும் என்பது தேவை. மிகச் சரியான தேவை. ஆனால் 'தரையில் இறங்கிவிட்டது' என்பதை மென்பொருள் எப்படித் தெரிந்துகொள்ளும்? இரண்டு பக்கத்துப் பிரதானச் சக்கரக் கால்களும் எடையால் அமுங்கியிருக்க வேண்டும். இறக்கை மேல் தடுப்புப் பலகைகள் எழ வேண்டுமானால் அதற்குப் பதிலாகச் சக்கரங்கள் 72 நாட் வேகத்தில் சுழன்றாலும் போதும். அன்றைக்குக் காற்று காரணமாக விமானம் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது, இடது கால் 9 விநாடி கழித்துத்தான் தரையைத் தொட்டது. ஓடுபாதையில் நின்ற தண்ணீர் மேல் சக்கரம் வழுக்கியது, சுழலவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை விமானம் இன்னும் வானத்தில் இருந்தது. ஓடுபாதை முடிந்து மேட்டில் மோதி இருவர் இறந்தார்கள். நிரலில் பிழை இல்லை, எழுதியதைத்தான் செய்தது. 'சக்கரம் சுழல்கிறது' என்பதும் 'தரையில் இருக்கிறது' என்பதும் ஒன்றே என்ற நம்பிக்கை மட்டும் அன்றைக்குப் பொய்த்தது. நம் வேலையில் உயிர் போகாது, ஆனால் இதே வடிவத்தில் தவறு வரும். 'ஓடிபி போய்ச் சேர்ந்தது' என்றால் 'உரியவர் பார்த்துவிட்டார்' என்று எத்தனை டாக்குமென்ட் நம்புகிறது பாருங்கள்.

சரி, மொழிக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பெரும்பாலும் தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அழகாக நிற்கும். "அப்ரூவ் பண்ணிட்டா போயிடும்" என்பார் கிளையன்ட். யார் அப்ரூவ் பண்ணுவார்? எது போகும்? எங்கே போகும்? பேச்சில் யாருக்கும் குறை தெரியாது. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது எழுவாய் கட்டாயம் வேண்டும், அதனால் நாமே ஒன்றை இட்டு நிரப்புகிறோம். மேனேஜர் என்று போட்டுவிடுவோம். அது நம் ஊகம், டாக்குமென்ட்டில் ஏறியதும் அது கிளையன்ட்டின் வாக்கு ஆகிவிடும். எழுத்துத் தமிழிலும் தப்ப முடியாது: 'சரிபார்க்கப்படும்', 'அனுப்பப்படும்' என்று செயப்பாட்டுவினையில் போட்டுவிட்டால் செய்பவர் யார் என்ற கேள்வியே காணாமல் போய்விடும். என் டிராஃப்டை நானே திருத்தும்போது முதலில் 'படும்' என்று முடியும் வினைகளைத்தான் தேடுவேன்.

"சம்பள விவரத்தை எல்லாரும் பார்க்க முடியாது." இதன் பொருள் என்ன? யாருமே பார்க்க முடியாதா, சிலர் மட்டும் பார்க்கலாமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மென்பொருள் ஒளிந்திருக்கிறது.

'வேண்டும்' என்ற சொல் இன்னும் மோசம். ஆசைக்கும் அதுதான், கட்டாயத்துக்கும் அதுதான். "இந்த வசதி வேணும்" என்றால் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாரா, இல்லாவிட்டால் வாங்கவே மாட்டேன் என்கிறாரா? இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997-இல் தனியாக ஒரு ஆவணமே வெளியிட்டார்கள், ஆர்எஃப்சி 2119 என்று. கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு என்ன பொருள் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு 'வேண்டும்' வரும்போதும், முதல் நாள் இது இல்லாமல் மென்பொருளைத் திறந்தால் என்ன நின்றுபோகும் என்று கேட்டால் போதும். எதுவும் நிற்காது என்றால் அது ஆசை. ஆசையையும் எழுதிவையுங்கள், வேறு பட்டியலில்.

அப்புறம் காதில் விழுந்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டிய சொற்கள் சில: வழக்கமாக, பெரும்பாலும், தானாகவே, உடனே, முதலியன. 'வழக்கமாக மேனேஜர்தான் பார்ப்பார்' என்றால் வழக்கத்துக்கு மாறான நாள் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு வேறு யாரோ பார்க்கிறார். அந்த வேறு யாரோதான் உங்களுக்கு வேண்டும். 'முதலியன' என்று முடியும் பட்டியலை டெவலப்பர் எப்படி நிரலாக எழுதுவார் என்று நினைத்துப் பாருங்கள், நீங்களே இருந்திருக்கிறீர்கள். நாள் கணக்கும் அப்படித்தான். '10 நாளுக்குள்' என்றால் விடுமுறை சேர்த்தா, சேர்க்காமலா, எந்த நாளிலிருந்து, பத்தாம் நாள் மாலை வந்தால் உள்ளேயா வெளியேயா? இந்த ஒரு வரிக்கு மூன்று கேள்வி. சலிக்காமல் கேளுங்கள், டெஸ்டர் எப்படியும் கேட்பார், ஆனால் அப்போது நாள் கடந்திருக்கும்.

ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருப்பதும் உண்டு. 'ஆர்டர்' என்றால் விற்பனைப் பிரிவுக்கு வாடிக்கையாளர் சரி என்று சொன்ன கணம். கிடங்குக்கு வண்டி கிளம்பும் கணம். கணக்குக்கு இன்வாய்ஸ் போட்ட கணம். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து 'ஆர்டர் எண்ணிக்கை காட்டும் திரை வேண்டும்' என்று ஒருமனதாகச் சொல்வார்கள், நீங்களும் சந்தோஷமாக எழுதிக்கொள்வீர்கள். சொற்பட்டியல் ஒன்றைப் புராஜெக்ட்டின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். அது சலிப்பான வேலை. ஆனால் ஒரு சொல்லின் பொருளை எழுதி மூன்று பேருக்கும் அனுப்பினால், இதுவரை வராத சண்டை வரும். வரட்டும், அதற்காகத்தான் அனுப்புகிறோம்.

சண்டை என்றதும் ஒன்று. டாக்குமென்ட்டில் மங்கலாக ஒரு வாக்கியம் இருந்தால் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அது சமாதான உடன்படிக்கை. விலையைத் தாங்களே குறைக்கலாம் என்று விற்பனைப் பிரிவு கேட்கும், கூடாது என்று கணக்குப் பிரிவு சொல்லும். மீட்டிங் நீள்கிறது, எல்லாருக்கும் பசி. யாரோ ஒருவர் 'தகுந்த அனுமதியுடன் விலையை மாற்றலாம்' என்று எழுதிவிடுவார். இரண்டு பக்கமும் தலையாட்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டியதை அதில் படித்துக்கொள்ளும். அந்தச் சண்டை தீரவில்லை, டெவலப்பரின் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது. அதைத் தீர்க்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, ஆனால் 'இது முடிவாகவில்லை, இன்னார் இந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்' என்று டாக்குமென்ட்டில் வெளிப்படையாக எழுத முடியும். புதிதாக வந்தவர்களுக்கு இதற்குத் தைரியம் வராது. முடிக்காமல் விட்டது போலத் தெரியுமோ என்ற பயம். முடியாததை முடிந்தது போல எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

யாரிடம் கேட்பது என்பதில் சறுக்குபவர்கள் நிறைய. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர், இதனால் வேலை கூடுகிறவர் மூன்றாமவர். மீட்டிங்குக்கு வருவது பெரும்பாலும் முதலாமவர் மட்டும். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1992 அக்டோபர் 26 அன்று கணினி வழி வண்டி அனுப்பும் முறையைத் தொடங்கினார்கள். எந்த வண்டி எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய குறையின்றி வந்துகொண்டே இருக்கும் என்பதை அந்த வடிவமைப்பு நம்பியிருந்தது. அந்தத் தகவலை அனுப்ப வேண்டியவர்கள் வண்டியில் இருந்த ஊழியர்கள், அவசர வேலைக்கு நடுவே பட்டன்களை வரிசையாக அழுத்தி. அவர்களைத் தேவைகள் வகுக்கும் கட்டத்தில் சரியாகச் சேர்க்கவில்லை என்று பிறகு விசாரணை அறிக்கை சொன்னது. தகவல் பிசகப் பிசக, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது, சில அழைப்புகள் தாமதமாயின. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள், நவம்பர் 4-ஆம் தேதி கணினி முற்றிலும் நின்றது.

பயன்படுத்துபவரைச் சந்தித்துவிட்டால் எல்லாம் கொட்டிவிடுவார் என்றும் எண்ண வேண்டாம். இந்த மென்பொருள் வந்தால் தன் வேலை போய்விடுமோ என்று பயப்படுபவர் உங்களிடம் ஏன் மனம் திறக்க வேண்டும்? இருபது வருடமாக 'இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்' என்ற பெயரோடு இருப்பவர், அந்தப் பெயரை ஒரு மணி நேரத்தில் உங்கள் லேப்டாப்பில் இறக்கிவிட்டுப் போவாரா? மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் கஷ்டம், எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றுதான் சொல்வார். தனியாகச் சந்தியுங்கள். அவருடைய எரிச்சல்களிலிருந்து தொடங்குங்கள். 'உங்களுக்கு இதில் எது ரொம்பத் தொந்தரவு' என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்காமல் போனதே இல்லை.

வேகம், பாதுகாப்பு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழைவார்கள் போன்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு எல்லா வகுப்பிலும் பாடம் நடத்துகிறார்கள். 'வேகமாக இருக்க வேண்டும்' என்பது தேவை இல்லை. எந்தத் திரை, எத்தனை பேர் இருக்கும்போது, எத்தனை விநாடிக்குள் என்று எண் வந்த பிறகுதான் அது தேவை. எண் கேட்டால் கிளையன்ட் முழிப்பார். இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு ஆனால் எரிச்சல் வரும் என்று கேட்டால் சொல்வார். எல்லாரும் மறப்பது பழைய தரவு. பத்து வருடத்துப் பதிவுகள் புதிய சிஸ்டத்துக்கு வர வேண்டுமா, அவற்றில் பாதி காலியாக இருக்கும் கட்டங்களைப் புதிய சிஸ்டம் கட்டாயம் என்று கேட்டால் என்ன செய்வது? இதை முதல் மாதத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் கையெழுத்துக்கு வருவோம். உங்கள் டாக்குமென்ட் எத்தனை பக்கம்? அமெரிக்காவின் எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் நிர்வகிக்க விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதன் தேவை ஆவணம் 800 பக்கங்களுக்கு மேல். என்ன வேண்டும் என்பதோடு எப்படிச் செய்ய வேண்டும் என்ற விவரங்களும் அதில் கலந்து கிடந்தன. அத்தனை பக்கம் எழுதியும் மாற்றக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-இல் கைவிட்டார்கள். பக்கம் கூடக் கூடத் தெளிவு கூடும் என்று நினைக்கிறோம். பக்கம் கூடக் கூடப் படிப்பவர்கள் குறைகிறார்கள். உங்கள் கிளையன்ட்டும் அதை முழுக்கப் படித்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார், நாம் எல்லாரும் செயலிகளின் நிபந்தனைகளை ஒப்புக்கொள்வது போல. படித்தே இருந்தாலும் வாக்கியத்தைப் படித்து ஒரு மென்பொருளை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது பழக்கம் உள்ளவர்களுக்கே கடினம்.

வாக்கியத்துக்குப் பதில் உதாரணங்களைக் கொடுத்துப் பாருங்கள். 'தாமதமான கட்டணத்துக்கு அபராதம் விதிக்கப்படும்' என்று எழுதாமல், ஒரு அட்டவணை போடுங்கள். இன்ன தேதி கெடு, இன்ன தேதி கட்டினார், அபராதம் இவ்வளவு. கெடு அன்றே இரவு 11:58-க்குக் கட்டினால்? பாதித் தொகை கட்டினால்? கட்டியது திரும்பி வந்துவிட்டால்? ஐந்தாவது வரிக்கு வருவதற்குள் கிளையன்ட் "இருங்க, இது அப்படி இல்ல" என்பார். அந்த "இருங்க" ஐந்து மாதம் கழித்து வருவதற்குப் பதில் இன்றைக்கே வந்துவிடுகிறது. இதே அட்டவணை பிறகு டெஸ்டருக்கு டெஸ்ட் கேஸாகவும் ஆகும். எழுதியது ஒன்று, சோதித்தது ஒன்று என்ற இடைவெளி சின்ன விஷயம் இல்லை. நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. உந்துவிசைத் தரவு மெட்ரிக் அலகில் வர வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக இருந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு பகுதி பவுண்ட் கணக்கில் கொடுத்தது. அதைச் சோதனையில் யாரும் பிடிக்கவில்லை.

திரையைக் காட்டுவதும் நல்லது, ஆனால் காகிதத்தில் பேனாவால் கிறுக்கிக் காட்டுங்கள். வண்ணமயமாக, அழுத்தினால் நகரும் ப்ரோட்டோடைப்பைக் காட்டினால் இரண்டு விபரீதம். ஒன்று, நீல நிறம் சரியா என்ற விவாதத்தில் மீட்டிங் முடியும். இன்னொன்று, "அதான் முடிஞ்சிருச்சே, அடுத்த வாரம் கொடுத்துருங்க" என்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும் தேவை மாறும். கிளையன்ட் பேச்சு மாறுகிறார் என்று டெவலப்பர்கள் புலம்புவதை நீங்களும் செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் பொருளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவரும், அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அதனால்தான் சிறு சிறு துண்டுகளாகச் செய்து காட்டும் அஜைல் முறைகள் வந்தன. 2001-இல் 17 பேர் கையெழுத்திட்ட அஜைல் அறிக்கைக்குப் பிறகு, 'நாங்கள் அஜைல், எங்களுக்கு ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் தேவை இல்லை' என்று சொல்பவர்களையும் பார்த்துவிட்டேன். ஸ்பிரிண்ட் என்ற அந்தச் சிறு வேலைச் சுற்று தவறை இரண்டு வாரத்தில் கண்டுபிடிக்க உதவும், யாரிடம் என்ன கேட்பது என்று அது சொல்லாது. சில முடிவுகளைத் துண்டு போட்டுத் தள்ளிப்போடவும் முடியாது. ஒரு ஊழியர் ஒரு கிளையில் மட்டும்தான் வேலை செய்வார் என்று தரவுத்தளத்தை அமைத்துவிட்டு, எட்டாவது மாதத்தில் "சிலர் ரெண்டு கிளையிலயும் இருப்பாங்க" என்று கேள்விப்பட்டால், ரிப்போர்ட், அனுமதி, சம்பளக் கணக்கு என்று எல்லாவற்றையும் கிளற வேண்டும். 'ஒன்றுதானா, பலவா?' இதை மட்டும் முதலிலேயே எல்லா உறவுகளுக்கும் கேட்டுவிடுங்கள்.

தேவை மாறாமல் இருப்பதாலும் ஆபத்து உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் 40 விநாடிகளில் வெடித்து முடிந்தது. திசையறியும் அமைப்பின் மென்பொருளை ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதி, ஏவுவதற்கு முன் கருவியை நேர்ப்படுத்தும் வேலை. ஏவிய பிறகும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும் என்பது பழைய ராக்கெட்டின் தேவை. புதிய ராக்கெட்டுக்கு அது தேவையே இல்லை. யாரும் நீக்கவில்லை. ஏரியான் 5-இன் வேகம் வேறு, எண் பெரிதாகி 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போனது. 'இப்போது இருக்கும் சிஸ்டம் செய்வதை எல்லாம் புதியதும் செய்ய வேண்டும்' என்று ஒரே வரியில் ரிக்வயர்மென்ட் கொடுக்கும் கிளையன்ட் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் புராஜெக்ட். கையெழுத்துப் போட்ட டாக்குமென்ட்டை எடுத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள். ஒப்பந்தக்காரர்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது அது உதவும், நீங்கள் தேவையைப் பற்றிப் பேசும்போது உதவாது. முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். "இது இல்லை" என்று டெமோவில் சொன்னவர் யார்? கையெழுத்துப் போட்டவரா, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அறைக்குள் வந்த வேறொருவரா? வேறொருவர் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவரிடம் அரை நாள் கேளுங்கள். நேற்று அவர் உண்மையில் முடித்த வேலைகளில் மூன்றை எடுத்து, நீங்கள் கட்டியதில் அவரையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் மௌஸைத் தொடக் கூடாது, விளக்கவும் கூடாது. அவர் நிற்கும் இடம், பின்னால் போகும் இடம், பக்கத்திலிருக்கும் காகிதத்தை எடுக்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில, பட்டன் இடம் மாறினால் சரியாகிவிடும். சில, டாக்குமென்ட்டில் இருந்தும் டெவலப்பர் வேறு மாதிரி புரிந்துகொண்டவை. மிச்சம் யாரும் உங்களிடம் சொல்லவே சொல்லாதவை. அந்த மூன்றாவது குவியலை வைத்து மறுபடியும் எஸ்டிமேட் போடுங்கள். ஐந்து மாதமும் வீண் என்று உங்கள் மேனேஜர் பயந்துகொண்டிருப்பார், குவியல் அதைவிடச் சின்னதாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.